பதுளைக் கல்லின் மேல் போட்ட பழி

இந்தச் சிறப்புப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, காலையிலிருந்து நாற்காலியில் சாயாமல் அமர்ந்திருக்கும் எங்கள் மண்டபத் தலைவர் முருகையா ஐயா அவர்களே, அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் கோயில் குருக்கள் ஐயா அவர்களே, இடப்பக்கம் வீற்றிருக்கும் பங்குத் தந்தை அவர்களே, பள்ளிவாசலின் சார்பில் வந்து வாழ்த்திப் பேசிய பெரியவர் அவர்களே, பதுளையிலிருந்து மலையெல்லாம் சுற்றி வந்திருக்கும் புரவலர் அவர்களே, தோட்டத்துக்குத் தோட்டம் மாலை வாங்கிப் பழகிய தலைவர்மாரே, கீழ்த்தளத்துக் கடைத்தொகுதியின் வணிகப் பெருமக்களே, அரைப் பேர் விழுந்து பாதி நாள் கூலி போனாலும் போகட்டும் என்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே, சகோதரிகளே, இடம் கிடைக்காமல் படிக்கட்டில் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

பணிவான வணக்கம் என்று எல்லோரும்தான் சொல்கிறோம். இன்றைக்கு நான் உண்மையாகவே பணிந்துதான் நிற்கிறேன். எத்தனையோ மேடை ஏறியவள் நான். மே தின மேடை, திருவிழா மேடை, பரிசளிப்பு மேடை, பிரியாவிடை மேடை. பாக்கியலெட்சுமி டீச்சர் கையில் மைக் கிடைத்தால் கடைசி பஸ் போய்விடும் என்று நீங்கள் கேலி பேசுவது என் காதுக்கும் வரும். அந்தக் கேலியில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். இன்றைக்கு அந்தப் பெருமையும் இல்லை, வாய்ச் சவடாலும் இல்லை.

என்னை எதற்கு அழைத்தீர்கள்? தலைவர் ஐயா முன்மொழிந்த தீர்மானத்தை மாதர் சங்கத்தின் சார்பில் வழிமொழிய அழைத்தீர்கள். தீர்மானம் என்ன சொல்கிறது? ஹல்துமுல்லையில் நாம் கூடிக் கட்டிய இந்த மக்கள் மண்டபத்தின் வாசலிலும், முன்கூடத்திலும், கடைகளுக்கு முன்னால் உள்ள நடையிலும் பதித்திருக்கும் சுண்ணாம்புக் கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெளிநாட்டு டைல்ஸ் பதிக்க வேண்டும் என்கிறது. அதோடு விட்டதா? இந்தக் கல் தரமில்லாதது, இதைத் தேர்ந்தெடுத்த கட்டடக் கலைஞர் சிவசக்தி தன் பொறுப்பில் தவறினார் என்று இந்தச் சபை பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. வழிமொழிகிறேன் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், காரியம் முடிந்தது. நாளைக்கே உளியும் சுத்தியலும் வந்துவிடும்.

அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் சில சொற்கள் பேச அனுமதி கேட்கிறேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்க வேண்டாம் ஐயா, சாப்பாட்டுப் பொட்டலம் இன்னும் வந்து சேரவில்லை, நான் விசாரித்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

அன்பானவர்களே, இந்தக் கல் எங்கிருந்து வந்தது? கப்பலில் வந்ததா? கடல் கடந்து வந்ததா? கண்ணாடிப் பெட்டியில் கட்டி வந்ததா? இல்லை. நாம் பதுளைக்கு மருந்துக்கும், வழக்குக்கும், புடவைக்கும் போகிறோமே, அந்தப் பதுளைக்குப் பக்கத்து மலையிலிருந்து வந்தது. பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே நாம் கடந்துபோகும் மலை அது. வெட்டினால் சாம்பலும் வெள்ளையும் கலந்து, உள்ளே சர்க்கரை தூவியதுபோல மினுக்கும் கல். அந்தக் கல்லை இதுநாள்வரை என்ன செய்தார்கள்? சூளையில் போட்டுச் சுட்டார்கள், சுண்ணாம்பாக்கினார்கள். தோட்டத்துப் பெரிய துரை வருகிறார் என்றால் அந்தச் சுண்ணாம்பை அள்ளி, நாம் குடியிருக்கும் லயத்துச் சுவரில் அடித்தார்கள். உள்ளே கூரை ஒழுகினாலும் வெளியே வெள்ளையாக இருந்தது. மிச்சக் கல்லை அரைத்து மூட்டையில் கட்டி, டொலமைட் என்று பேர் வைத்து, தேயிலைக்கு வீச நம்மிடமே கொடுத்தார்கள்.

ஆகவே அந்தக் கல்லை நாம் கல்லாகப் பார்த்ததே இல்லை. சுவரில் அடிக்கிற சுண்ணாம்பாகப் பார்த்திருக்கிறோம், மூட்டையில் வருகிற பொடியாகப் பார்த்திருக்கிறோம். அதைக் கல்லாகப் பார்த்தவள் ஒரு பெண். கொஸ்லந்தைக்கு மேலே உள்ள தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் தாய்க்கும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் தகப்பனுக்கும் பிறந்து, கொழும்புப் பக்கம் போய்க் கட்டடக் கலை படித்து, படித்த கையோடு நம்மைத் தேடி வந்த சிவசக்தி.

அவள் இந்தக் கல்லைப் போடலாம் என்று சொன்ன கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நாம் சிரித்தோம். தேயிலைத் தூருக்குப் போடுகிற பொடியை மண்டபத்துக்குப் போடப் போகிறாளாம் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார், முன்வரிசையும் சேர்ந்து சிரித்தது. மெயின் ரோட்டில் புதிதாக எழும்புகிற கட்டடங்களைப் பாரம்மா, எல்லாம் கண்ணாடியும் அலுமினியத் தகடுமாகக் கொழும்பு மாதிரியே நிற்கிறதே, நமக்கும் அப்படி ஒன்று வேண்டாமா என்று கேட்டோம். அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். வங்கிக்குப் போனால் ஏன் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

சபையோரே, யோசித்துப் பாருங்கள். கழற்றச் சொல்லி அங்கே பலகை இருக்கிறதா? காவலாளி கழற்றச் சொன்னாரா? யாரும் சொல்லவில்லை. தரை மினுங்குகிறது, நம் காலில் தோட்டத்து மண் இருக்கிறது, நாமாகவே கழற்றுகிறோம். கழற்றிவிட்டு, ஈரக் காலோடு வழுக்குகிற தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். அன்றைக்கு அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொல்கிறேன்: “மழைக்காலத்துல ஈரக் காலோட வர்றவங்களுக்குத்தான் நம்ம இந்தக் கட்டடத்தைக் கட்டுறோம். செருப்பைக் கழட்டணும்னு யாருக்கும் தோணாத தரையா அது இருக்கணும் டீச்சர்.”

அப்படித்தான் இந்தத் தரை வந்தது. பதுளைப் பக்கத்தில் கல் வெட்டும் மத்தேயு, சூளைக்குப் போக இருந்த பாறையைப் பலகை பலகையாக அறுத்துக் கொடுத்தார். அதற்கென்றே ஒரு இயந்திரம் வாங்கினார், ஆட்களைப் பழக்கினார். மேல்முகத்தைப் பளபளக்க விடாமல், கால் பிடிக்கிற மாதிரி மட்டாகத் தேய்த்துக் கொடுத்தார். மண்டபம் எழும்பியதும் பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒரு தங்கும் விடுதிக்கு இதே கல் வேண்டும் என்றார்கள், ஒரு வணிகக் கட்டடத்தின் முகப்புக்கும் வேண்டும் என்றார்கள். நம் மலைக்கு வேறு ஒரு பிழைப்பும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்தது திறப்பு விழா. இனிமேல் சொல்வதைத்தான் நான் தலை நிமிர்ந்து சொல்ல முடியாது.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் சிவசக்தி நம்மையெல்லாம் வாசலில் நிற்க வைத்தாள். தலைவர் ஐயா இருந்தார், கடைக்காரர்கள் இருந்தார்கள், மாதர் சங்கம் இருந்தது, நானும் இருந்தேன். ஒரு நல்ல பலாப் பலகையை வாசற்படியில் போட்டிருந்தாள். எலுமிச்சை வெட்டுவதையும் குங்குமம் தடவுவதையும் இந்தப் பலகை மேல் செய்யுங்கள், இந்தக் கல்லுக்குப் புளிப்பு ஆகாது, பட்டால் அரித்துவிடும் என்று சொன்னாள். நாம் என்ன செய்தோம்? தலையை ஆட்டினோம். கோயில் மாடு மாதிரி ஆட்டினோம்.

மறுநாள் என்ன நடந்தது? தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு தட்டு வந்தது. தட்டுக்குத் தட்டு எலுமிச்சம்பழம் வந்தது. அவர்கள் தோட்டத்துப் பழத்தை வாசலில் வெட்டினார்கள், எங்கள் தோட்டத்துப் பழம் என்ன இளப்பமா என்று இங்கே இருக்கிற தலைவர்மார் கேட்கவில்லையா? ஒரே தோட்டத்துக்குள்ளேயே மேல்பிரிவு வெட்டினால் கீழ்ப்பிரிவு வெட்டியது. கீழ்ப்பிரிவு வெட்டினால் பக்கத்துத் தோட்டம் இரண்டாக வெட்டியது. பலகையில் வெட்டினால் கட்டடத்துக்குப் பட்ட கண்ணூறு எப்படிப் போகும் என்று ஒருவர் கேட்டார். படத்தில் பலகை அசிங்கமாக விழுகிறது என்று இன்னொருவர் சொன்னார். பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல் அடுப்பங்கரையில் காய் நறுக்கப் போட்டோம். வெறும் கல்லில் வெட்டினோம், பிழிந்தோம், மிதித்தோம்.

என்ன? அங்கே யார்? எழுந்து நின்றே கேளுங்கள். ஆமாம், கேட்கிறது. சாமி காரியத்தைக் குறை சொல்கிறீர்களா டீச்சர் என்று கேட்கிறார். இல்லை தம்பி. நானும் சாமி கும்பிடுகிறவள்தான். அதோ குருக்கள் ஐயா இருக்கிறார், அவரையே கேளுங்கள். ஒரு பழம் போதும், அதையும் பலகையில் வெட்டலாம், தோஷமில்லை என்று அவர் அன்றைக்கே சொன்னார். பாருங்கள், ஆமென்று தலையசைக்கிறார். நாம் வெட்டியது சாமிக்காகவா? மரியாதைக்காக வெட்டினோம். எந்தத் தோட்டம் பெரிசு என்று காட்ட வெட்டினோம். சாமி பேரைச் சொல்லி நாம் செய்த போட்டி அது.

மங்கலமாக விழுந்ததைக் கழுவக் கூடாது என்று அப்படியே விட்டோம். பூவும் சாறும் குங்குமமும் நாள் கணக்கில் அந்தக் கல்லிலேயே ஊறிக் கிடந்தன. பிறகு கூட்டித் தள்ளியபோது பார்த்தால், வாசலிலும் முன்கூடத்திலும் திட்டுத் திட்டாக வெளுத்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. கல்லுக்குத் தேமல் வந்திருச்சி என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அடுத்த காரியத்தைச் செய்தது என் சங்கம். மாதர் சங்கத் தாய்மார்களே, இப்போது குனிந்துகொள்ளாதீர்கள், நானும் உங்களோடுதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். கறையைப் போக்க வேண்டும் என்று கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றினோம். ஊற்றியதும் புசுபுசுவென்று நுரைத்தது. “பொங்குது டீச்சர், அழுக்கெல்லாம் பொங்கி வருது” என்று ஒருத்தி சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன். தாய்மார்களே, அழுக்கா பொங்கியது? கல் பொங்கியது. கல் கரைந்து நம் காலடியில் ஓடியது. அதை நாம் தென்னந்தும்பால் தேய்த்துத் தேய்த்து இன்னும் நன்றாகப் பொங்க வைத்தோம்.

நம்மைத் தவிர வேறு யாராவது இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். தெரியாத ஜனம் என்று சொல்லிவிடலாம். நமக்கா தெரியாது? மண்ணு புளிச்சிப் போச்சி, டொலமைட் வீசணும் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி சொல்ல, சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலை மலையாக வீசியவர்கள் யார்? புளித்த மண்ணின் புளிப்பைத் தின்றுவிட்டுத் தானும் கரைந்து போகிற பொடி அது என்று கொழுந்து மலையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியுமே. அந்தப் பொடிக்குத் தாயான கல்லின் மேல் நாமே கொண்டுபோய்ப் புளிப்பை ஊற்றினோம். ஊற்றிவிட்டு, ஐயோ கரைகிறதே, கெட்ட கல் என்றோம். இதை வெளியூரில் போய்ச் சொன்னால் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது எனக்கு.

சரி, தவறு செய்தோம். தவறு செய்யாத மனிதர் யார்? அதோடு நின்றிருந்தால் இந்த மேடையில் இன்றைக்கு நான் இப்படி நிற்க வேண்டியதில்லை. செய்த தவறைத் தூக்கி ஒரு பெண் பிள்ளையின் தலையில் வைத்தோமே, அதுதான் என்னைச் சுடுகிறது.

நோய் பிடித்த கல் என்றோம். அந்தப் பேச்சு ஹல்துமுல்லையில் பஸ் ஏறி ஹப்புத்தளையில் இறங்கியது, பண்டாரவளையில் டீ குடித்தது, பதுளை பஜாரில் போய்ப் பாய் விரித்துப் படுத்தது. விடுதிக்காரர் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வணிகக் கட்டடக்காரரும் வேண்டாம் என்றார். மத்தேயு அந்த அறுக்கிற இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார், அவரிடம் பழகிய பையன்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நல்ல கல்லெல்லாம் பழையபடி சூளைக்குப் போகிறது. சிவசக்தியின் சொந்த ஊரான கொஸ்லந்தையில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்ட அவளிடம்தான் வரைபடம் கேட்டிருந்தார்கள். அதுவும் கைமாறிப் போய்விட்டது. இப்போது அவள் பேரைச் சொன்னால், யார், அந்தத் தேமல் கல்லுப் பொண்ணா என்று கேட்கிறார்கள். இன்றைக்கு இந்தத் தீர்மானம் நிறைவேறினால் ஊவா மாகாணம் முழுக்க ஒரு கோழிக்கூடு கட்டக்கூட அவளை யாரும் அழைக்க மாட்டார்கள். நம் பிள்ளையின் பிழைப்பை நம் கையாலேயே முடித்துவைக்கத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

எனக்கு எப்போது கண் திறந்தது என்று கேட்பீர்கள். போன கிழமை. கீழே இப்றாஹீம் நானாவின் டீக்கடையில் எலுமிச்சை பிழிந்த வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் மேசைக்கும் மத்தேயு கொடுத்த அதே கல்தான். நான் கிளாஸை வைக்கப் போனபோது நானா ஓடிவந்து அதற்கடியில் ஒரு தகரத் தட்டை வைத்தார். ஏன் நானா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “புளிப்புப் படக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லிச்சே டீச்சர், நீங்களும் பக்கத்துல தானே நின்டீங்க” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆமாம், நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரிந்திருந்தது. நம் எல்லோருக்கும் காது இருந்தது. ஆனால் எலுமிச்சையைப் பற்றி இத்தனை நாளும் ஒரு ஆள் வாய் திறந்தோமா? நிர்வாகக் குழுவில் எத்தனை முறை கூடிப் பேசினோம், ஒரு வார்த்தை வந்ததா? நமக்கு வசதியாக மறந்துபோனது.

மறுநாளே சிவசக்தியைத் தேடிப் போனேன். உண்மை உனக்குத் தெரியுமே, நீ ஏன் சொல்லவில்லை, குழு உன்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டபோதாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேளுங்கள், சபையோரே. தயவுசெய்து சத்தம் போடாமல் கேளுங்கள்.

“சொல்லியிருந்தா கல்லு தப்பிச்சிருக்கும் டீச்சர். ஆனா வாசல்ல சாமிக்குச் செஞ்சது தப்புன்னு நான் சொன்னதா ஆகியிருக்கும். கல்லு குடுத்தது மத்தேயு அண்ணன், அவரு வேதக்காரரு. அவருக்காக நான் கோயில் காரியத்தைப் பழிக்கிறேன்னு பேசுவாங்க. அப்புறம் இந்த மண்டபத்துல ஒரு பக்கம் வர்றவங்க இன்னொரு பக்கம் வர மாட்டாங்க. நான் எல்லாரும் வரணும்னு கட்டுனேன்.”

கேட்டீர்களா? நம்மைக் காப்பாற்ற அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதை நாம் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். பாரு, ஒண்ணும் பேச முடியலை, தப்பு அவ மேலதான் என்று இதே முன்வரிசையில் பேசினோம். என்னால் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவும் முடியவில்லை.

நான் உங்களை ஒன்று கேட்கிறேன். கொழும்பிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து இந்த மண்டபத்தைக் கட்டியிருந்தால், தரையில் திட்டு விழுந்த அன்றைக்கு என்ன செய்திருப்போம்? சேர், இது என்னங்க சேர், நாங்க ஏதும் பிழை செஞ்சிட்டோமா என்று கை கட்டி நின்று கேட்டிருக்க மாட்டோமா? கப்பலில் வந்த கல்லாக இருந்தால், இதற்கு என்ன பக்குவம் என்று தேடித் தேடிப் படித்திருக்க மாட்டோமா? இது பதுளைக் கல், ஆகவே கெட்ட கல். இவள் நம் லயத்துப் பிள்ளை, ஆகவே இவளுக்கு ஒன்றும் தெரியாது. நம் மலையில் விளைந்தது எதுவும் நல்லதாக இருக்க முடியாது என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். வெள்ளைக்காரன் சொன்னான், துரை சொன்னான், கணக்கப்பிள்ளை சொன்னான் என்று இனி யாரையும் கைகாட்ட முடியாது. இதை நாமே நம்மைப் பற்றிச் சொன்னோம். அதற்குத்தான் நான் வெட்கப்படுகிறேன். மேடையில் அழகுக்குச் சொல்கிற வெட்கம் இல்லை இது. கூனிக் குறுகி நிற்கிறேன்.

தலைவர் அவர்களே, மாதர் சங்கத்தின் சார்பில் நான் இந்தத் தீர்மானத்தை வழிமொழிய மறுக்கிறேன்.

உட்காருங்கள் ஐயா, கோபப்படாதீர்கள். சட்டப்படி வேறு யாரும் வழிமொழியலாம். நான் தடுக்கவில்லை. இந்தச் சபையில் யாருக்காவது எலுமிச்சை வெட்டியது நினைவில்லை என்றால், ஆசிட் ஊற்றியது நினைவில்லை என்றால், அவர் எழுந்து நிற்கட்டும். எழுந்து நின்று, கல்லின் மேல்தான் தவறு, சிவசக்தியின் மேல்தான் தவறு என்று நம் எல்லோர் முகத்தையும் பார்த்து வழிமொழியட்டும். நான் காத்திருக்கிறேன்.

யாரும் இல்லையா? இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறேன்.

யாரும் இல்லை. தலைவர் அவர்களே, வழிமொழிவார் இல்லாததால் தீர்மானம் வீழ்ந்தது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேண்டாம், கை தட்டாதீர்கள். கை தட்டுகிற காரியம் எதையும் நாம் இங்கே செய்துவிடவில்லை.

புரவலர் அவர்களே, டைல்ஸ் தர முன்வந்த உங்கள் நல்ல மனசைக் குறைவாக எண்ணவில்லை. நம் மண்டபத்துச் சமையலறைச் சுவரில் எண்ணெய் தெறித்துத் தெறித்துக் கறுத்துக் கிடக்கிறது. அங்கே பதித்துக் கொடுங்கள், ஆயுளுக்கும் உங்கள் பேரைச் சொல்லிச் சமைப்போம். இந்தத் தரைக்கு வேறு தரை தேவையில்லை. அரித்தது மேல்முகம் மட்டும்தான். தண்ணீர் விட்டுச் சாணை பிடித்தால் அடியில் நல்ல முகம் இருக்கிறது என்று மத்தேயு சொல்கிறார். ஆட்களோடு வந்து தேய்த்துத் தரவும் சம்மதித்துவிட்டார். நாம் இவ்வளவு பேசிய பிறகும் அந்த மனிதர் சம்மதித்தார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரே ஒரு கடமை பாக்கி. சிவசக்தி இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். மேடையில் நாற்காலி போடவில்லை, முன்வரிசையிலும் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கடைசி வரிசையில், தான் கட்டிய கட்டடத்தில், சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் திரும்பி அவளை வெறித்துப் பார்க்க வேண்டாம், இத்தனை நாள் பார்த்தது போதும். நான் மட்டும் பேசுகிறேன்.

தாயி சிவசக்தி, நீ சொன்னதை நாங்க கேட்டோம். கேட்டும் செய்யலை. செஞ்ச தப்பை உன் மேல போட்டோம். கல்லு மேல பிழை இல்லை, உன் மேல பிழை இல்லை. பிழை எங்க மேல. ஊர் முன்னால உன்னைப் பேசுனதால ஊர் முன்னாலயே சொல்றேன். எங்களை மன்னிச்சிக்கம்மா.

எழுந்துவிட்டாள். பையை எடுத்துக்கொள்கிறாள். இல்லை, மேடைக்கு வரவில்லை. வெளியே போகிறாள். தம்பிமாரே, படிக்கட்டை விட்டு விலகி நில்லுங்கள், அவளை மறிக்காதீர்கள். கூப்பிடாதீர்கள், போகட்டும். நாம் மன்னிப்புக் கேட்ட அந்தக் கணமே அவள் மன்னித்துவிட வேண்டும் என்று என்ன சட்டம்? நாம் ஒரு நாள் ஒலிபெருக்கியில் பேசிவிட்டால், பஸ் பஸ்ஸாக ஏறிப் போன பேச்செல்லாம் இறங்கி வீடு திரும்பிவிடுமா? அவள் போவது நியாயம்தான். அந்த நியாயத்தைத் தாங்கிக்கொண்டு நாம் கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார்ந்திருப்போம்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் கொஸ்லந்தைக்குப் போகிறேன். அங்கே அந்தப் பஸ் தரிப்பிடம் கட்டுகிறவர்களைப் பார்த்து, நாங்கள் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். அங்கிருந்து பண்டாரவளைக்கும் பிறகு பதுளைக்கும் போவேன். எங்கெல்லாம் அந்தப் பொய் போனதோ அங்கெல்லாம் போவேன். என்னோடு வாருங்கள் என்று யாரையும் அழைக்கவில்லை. மாலை இல்லை, மைக் இல்லை, படம் பிடிக்க ஆள் இல்லை. வெட்கம் இருக்கிறவர்கள் காலையில் நம் ஊர் பஸ் தரிப்பிடத்துக்கு வாருங்கள்.

இடையில் எழுந்து போகாமல் என்னைப் பேச விட்ட தலைமைக்கும், தலை குனிந்தாவது கேட்டுக்கொண்டிருந்த தாய்மாருக்கும், சத்தம் போட்டுக் கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கும் என் நன்றி. கை கூப்பவும் இன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கூப்புகிறேன். வணக்கம்.